பவர் சா கிளட்ச் நீடில் பேரிங் மாத்துறது எப்படி: கழட்டுறதுல இருந்து ஓட்டிப் பாக்குற வரைக்கும்

மரம் அறுக்குற மெஷின் வச்சிருக்குறவங்க செயின் அரம் போடுறத பத்தி பேசுவாங்க, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்குறத பத்தி பேசுவாங்க, கார்புரேட்டர் பத்தி மணிக்கணக்குல பேசுவாங்க. ஆனா கிளட்ச் ட்ரம்முக்குள்ள, அதாவது செயினை சுத்துற கிண்ணம் மாதிரி பாகத்துக்குள்ள உக்காந்திருக்குற அந்த சின்ன நீடில் பேரிங்கை (ஊசி மாதிரி மெல்லிசான உருளைங்க இருக்குற பேரிங்) பத்தி அது போனதுக்கு அப்புறம்தான் பேச்சே வரும். போறப்ப அது மட்டும் போனா பரவால்ல, கவனிக்காம விட்டா ட்ரம், ஆயில் பம்ப், கடைசில இஞ்சினோட முக்கிய தண்டான கிராங்க் ஷாஃப்ட்னு இழுத்துட்டு போயிடும். பேரிங் சின்ன காசு, கிராங்க் மாத்துறது பெரிய காசு. அதனாலதான் இத கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன்.

இந்த பேரிங் எப்போ வேலை செய்யுது?

முதல்ல இது புரியணும், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். நிறைய பேர் நினைக்கிறது என்னன்னா, ஃபுல் ஆக்ஸிலேட்டர்ல மரத்த அறுக்கும்போது நிமிஷத்துக்கு 12,000, 13,000 சுத்து போகுதே, அப்போதான் இந்த பேரிங் பாடாய்படுதுன்னு. அப்படி இல்ல. ஆக்ஸிலேட்டர் அழுத்துனதும் கிளட்ச் ஷூ, அதாவது ஷாஃப்டோட கூடவே சுத்துற கட்டைங்க, வெளிய விரிஞ்சு ட்ரம்மை பிடிச்சுக்குது, அப்புறம் ஷாஃப்டும் ட்ரம்மும் ஒண்ணாவே சுத்துது, நடுவுல இருக்குற பேரிங்குக்கு உருள வேண்டிய வேலையே இல்ல. அது உருளுறது ஐட்லிங்ல. மெஷின் 2700, 2800 சுத்துல சும்மா ஓடிட்டு இருக்கும்போது ஷாஃப்ட் சுத்தும், ட்ரம் நிக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல நீடில் உருளும். அதே மாதிரி செயினை நிறுத்தி வைக்குற செயின் பிரேக்கை போட்டுட்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தா ட்ரம் லாக் ஆகி நிக்கும், ஷூ வழுக்கும், சூடு ஏறும், நீடில் அந்த சூட்டுலயே ஐட்லிங்க விட வேகமா உருளணும். கொல்றது அதுதான்.

செயினை ரொம்ப டைட்டா வச்சாலும் இதே கதைதான். ட்ரம் நிக்கும்போது செயின் அதை பார் (செயின் ஓடுற நீட்டுத் தகடு) பக்கமா இழுத்துட்டே இருக்கும், அப்போ சுத்தியும் இருக்குற நீடில்ல ஒரு பக்கத்து நீடில் மட்டும் மொத்த பாரத்தையும் தாங்கும். மொட்டை செயினை வச்சு அமுக்கி அமுக்கி அறுத்தா கிளட்ச் வழுக்கி ட்ரம் நீலம் பாஞ்சு போயிடும், உள்ள இருக்குற கிரீஸ் எரிஞ்சு கருகிடும். தென்னை அறுக்குறவங்களுக்கு இன்னொரு தொல்லை, அந்த நாரு ஸ்ப்ராக்கெட்டுக்கு (ட்ரம்மோட சேந்து செயினை இழுக்குற பல்சக்கரம்) பின்னாடி போய் சுத்திக்கும், பார் ஆயிலும் தூளும் சேந்து களியா மாறி அங்கயே தங்கும். மழைக்காலத்துல கழுவாம துடைக்காம மூலைல போட்டு வச்ச மெஷின்ல துருவும் சேந்துக்கும்.

போயிடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது

ஐட்லிங்ல செயின் தானா நகருது, அதான் முக்கியமான அறிகுறி. ஆனா உடனே பேரிங்னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல ஐட்லிங் ஸ்க்ரூவை குறைச்சுப் பாருங்க, ஸ்டில் கம்பெனி மெஷின்ல எல்ஏன்னு போட்டிருக்கும், ஹஸ்க்வர்னா கம்பெனி மெஷின்ல டின்னு இருக்கும். கிளட்ச் பிடிக்கிறதே 3500 தாண்டி 4000 பக்கத்துலதான், அதனால ஐட்லிங் சரியா இருந்தா செயின் அசையவே கூடாது. குறைச்சும் நகருதுன்னா ரெண்டு காரணம்தான் அதிகம், ஒண்ணு கிளட்ச் ஸ்பிரிங் உடைஞ்சு ஷூ வெளிய தொங்குது, இல்லன்னா பேரிங் பிடிச்சுக்கிட்டு ட்ரம்மை கூடவே இழுக்குது.

கூடவே ஐட்லிங்ல கீச்சுனு ஒரு சத்தம், பிரேக் போட்டா சத்தம் அதிகமாகுறது, கவர் பக்கத்துல இருந்து கருகுன வாசம், ட்ரம் சுத்தும்போது கோணலா ஆடுறது, இதெல்லாம் இருந்தா சந்தேகமே வேண்டாம், கழட்டிடுங்க.

கழட்டாமயே ஒரு டெஸ்ட் இருக்கு. மெஷின் நல்லா ஆறுனதும் ஸ்பார்க் பிளக் கேப்பை பிடுங்கிட்டு, கவர், செயின், பார் எல்லாம் எடுத்துட்டு, ட்ரம்மை ரெண்டு விரல்ல பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. உள்ள வெளிய கொஞ்சம் நகரும், அது இருக்க வேண்டிய ஆட்டம்தான், அத வச்சு பயப்பட வேண்டாம். மேல கீழ கண்ணுக்கு தெரியுற மாதிரி லொடலொடன்னு ஆடுனா பேரிங் இல்லன்னா ட்ரம் ஓட்டை தேஞ்சிருக்கு. அப்புறம் கையால சுத்தி விடுங்க, சத்தமில்லாம சுத்தணும், மணல் அரைக்குற மாதிரி கரகரன்னா அதுவும் போனதுதான்.

உங்க மெஷின் எந்த வகை?

இங்கதான் வேலை ரெண்டா பிரியுது. சில மெஷின்ல ட்ரம் வெளிய இருக்கும், கிளட்ச் ஷூ எல்லாம் அதுக்குள்ள மறைஞ்சிருக்கும். ஸ்டில் எம்எஸ் 170, 180, 250 எல்லாம் இப்படி. ஷாஃப்ட் நுனில ஒரு ஈ கிளிப் (இங்கிலீஷ் E மாதிரி இருக்குற சின்ன பூட்டு வளையம்), அதுக்கு கீழ ஒரு வாஷர், அவ்வளவுதான் ட்ரம்மை பிடிச்சு வச்சிருக்கு. கிளட்சை தொடவே வேண்டாம்.

இன்னொரு வகைல கவரை எடுத்ததும் கிளட்ச் ஷூவும் ஸ்பிரிங்கும் நேரா தெரியும், ட்ரம் அதுக்கு பின்னாடி. ஹஸ்க்வர்னா 365, 372, 450 இதெல்லாம் இந்த ரகம், நம்ம ஊரு கடைல கிடைக்குற 58 சிசி சைனா மெஷின்லயும் பெரும்பாலும் இதான். இதுல கிளட்சை கழட்டுனாதான் ட்ரம் வரும், வேலை கொஞ்சம் ஜாஸ்தி.

பேரிங் வாங்கும்போது

இது செயின் சா கடைல கிடைக்கும், பேரிங் கடைலயும் கிடைக்கும், ஆனா பேரிங் கடைல ஒரு சிக்கல். நமக்கு வேணுங்குறது கூண்டும் நீடிலும் மட்டும் இருக்குற வகை, வெளில தகடு கூடு இருக்காது. சின்ன ஸ்டில் மெஷின்ல 10×13×10 அளவு வரும், அதாவது ஷாஃப்ட் 10 மில்லி, ட்ரம் ஓட்டை 13 மில்லி, அகலம் 10 மில்லி. பேரிங் கடைல கே 10×13×10னு கேட்டா சரியானத கொடுப்பாங்க. சும்மா 10 மில்லி நீடில் பேரிங்னு கேட்டா ஹெச்கே 1010 எடுத்து கொடுத்துடுவாங்க, அது தகடு கூடு போட்டது, வெளி விட்டம் 14 மில்லி, ட்ரம்முக்குள்ள போகவே போகாது. அதனால வெர்னியர் அளவுகோல்ல அளந்துட்டு போங்க. பழைய பேரிங் நொறுங்கிப் போயிருந்தா ஷாஃப்டையும் ட்ரம் ஓட்டையையும் அளந்தா போதும்.

கூண்டு பிளாஸ்டிக்லயும் வருது, இரும்புலயும் வருது. அளவு ஒத்து வந்தா இரும்புக் கூண்டு வாங்குறது நல்லதுன்னு சொல்வேன், கிளட்ச் ஒரு தடவை நல்லா சூடேறினா பிளாஸ்டிக் உருகி நீடில் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிடும். ட்ரம்மும் சேத்து மாத்துறதா இருந்தா பேரிங், வாஷர், கிளிப் எல்லாம் வர்ற செட்டா வாங்கிடுங்க, ஆனா ஸ்ப்ராக்கெட் பிட்ச் (பல்லு இடைவெளி அளவு) செயினோட ஒத்துப் போகணும். எம்எஸ் 180ல 3/8 பிக்கோ, 6 பல்லு. 58 சிசி மெஷின்ல பெரும்பாலும் .325, 7 பல்லு. மாத்தி போட்டா ரெண்டே நாள்ல செயினும் போயிடும்.

ட்ரம் வெளிய இருக்குற மெஷின்

பிளக் கேப் பிடுங்கியாச்சான்னு திரும்ப ஒரு தடவை பாருங்க. செயின் பிரேக்கை ரிலீஸ் பண்ணுங்க, அதாவது முன்னாடி இருக்குற கார்டை கைப்பிடி பக்கமா இழுத்து விடணும், ஏன்னா ஸ்டில்ல பிரேக் பேண்டு மெஷின் உடம்புலயே ட்ரம்மை சுத்தி இருக்கு, பிரேக் போட்டே வச்சுட்டு ட்ரம்மை இழுத்தா வராது, நெம்புனா பேண்டு வளையும். கவர், செயின், பாரை எடுத்துட்டு பழைய பிரஷ்ல தூளை எல்லாம் தட்டி விடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடியே சுத்தம் பண்ணனும், பிறகு பண்ணா அந்த தூளு எல்லாம் ஆயில் பம்ப் பக்கம் போகும்.

ஈ கிளிப்பை சின்ன திருப்புளியால நெம்பும்போது இன்னொரு கை விரலையோ துணியையோ மேல வச்சுக்குங்க, இல்லன்னா பறந்து போயிடும், புல்லுக்குள்ள தேடி கிடைக்காது. கண்ணாடி போட்டுக்குங்க, அது கண்ணுக்கு நேராவும் வரும். வாஷரை எடுக்கும்போது எந்தப் பக்கம் வெளிய இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அப்புறம் ட்ரம்மை நேரா இழுத்தா வந்துடும், பேரிங் ட்ரம்முக்குள்ள இருக்கலாம், ஷாஃப்ட்லயே நிக்கலாம். வரலன்னா சுத்தியல எடுக்காதீங்க, டபிள்யூடி 40 கொஞ்சம் அடிச்சு கொஞ்ச நேரம் விட்டுட்டு, லேசா சுத்திச் சுத்தி இழுங்க. உருகுன பிளாஸ்டிக் கூண்டு ஷாஃப்ட்ல ஒட்டியிருந்தா மரக்குச்சியால சுரண்டுங்க, பிளேடு வேண்டாம்.

கிளட்ச் வெளிய இருக்குற மெஷின்

இங்க இஞ்சினை சுத்தாம நிறுத்தணும். பிளக்கை கழட்டி, பழைய ஸ்டார்ட்டர் கயிறை ரெண்டா மடிச்சு அந்த ஓட்டை வழியா உள்ள விடுறதுதான் பாதுகாப்பு, மேல வர்ற பிஸ்டன் கயிறுல மெத்துன்னு இடிச்சு நிக்கும். ஆனா எப்போ விடணும்ங்கறது முக்கியம். பிஸ்டன் கீழ இருக்கும்போது விட்டா கயிறு சைலன்சர் பக்கத்து போர்ட்டுக்குள்ள (புகை வெளிய போற ஓட்டை) புகுந்துடும், பிஸ்டன் மேல வரும்போது கயிறை வெட்டும், ரிங்கும் உடையலாம். அதனால பிளக் ஓட்டைல கட்டைவிரலை வச்சுக்கிட்டு கிளட்சை கடிகார முள் சுத்துற பக்கம் மெதுவா திருப்புங்க, காத்து விரலை தள்ள ஆரம்பிக்குற இடம் வந்தா போர்ட் மூடியாச்சுன்னு அர்த்தம். அப்போ கயிறை உள்ள விடுங்க. கயிறோட ரெண்டு நுனியும் வெளிய நிக்கட்டும், சேத்து ஒரு முடிச்சு போட்டுடுங்க.

பிளாஸ்டிக் பிஸ்டன் ஸ்டாப்பர் கடைல கிடைக்குது, அதுவும் ஓகே. இரும்பு போல்ட்டை பிளக் ஓட்டைல முறுக்கி நிறுத்துறவங்க இருக்காங்க, பிஸ்டன் மண்டைல குழி விழும், செய்யாதீங்க. அந்தப் பக்கம் ஃபிளைவீல் பல்லுக்குள்ள திருப்புளி செருகி நிறுத்துறதும் வேண்டவே வேண்டாம், அது அலுமினியம், ஒரு ரெக்கை உடைஞ்சா பேலன்ஸ் போயிடும்.

இப்போ கவனிங்க, கிளட்ச் மரை இடது மரை. சாதாரண நட்டுக்கு உல்டா. கடிகார முள் சுத்துற பக்கம் திருப்புனாதான் கழலும், நிறைய கிளட்ச்ல அம்புக்குறி போட்டு ஆஃப்னே அடிச்சிருப்பாங்க. ஏன்னா கிளட்ச் பக்கத்துல இருந்து பாத்தா இஞ்சின் அந்த திசையிலதான் சுத்துது, மரத்துல செயின் மாட்டும்போது கிளட்ச் பின்னால இழுபடும், அந்த இழுவை ஒவ்வொரு தடவையும் மரையை இறுக்கிட்டே இருக்கும். வலது மரையா இருந்திருந்தா அறுக்கும்போதே கழண்டு வந்திருக்கும். அதனாலதான் கழட்டுறதுக்கு இவ்வளவு பலம் வேணும். தெரியாம வழக்கம் போல எதிர்ப்பக்கம் திருப்பி முறுக்கினா இன்னும் இறுகும், ஷாஃப்ட் மரையும் போகும்.

நடுவுல அறுகோணம் இருந்தா நல்ல சாக்கெட் போதும். ரெண்டு ஓட்டையோ காடியோ இருந்தா அதுக்குன்னு உள்ள கிளட்ச் டூல் வாங்கிடுங்க. உளியை ஷூ மேல வச்சு சுத்தியலால தட்டுறது நம்ம ஊரு பட்டறைல சகஜம், ஆனா ஷூ சிண்டர் பண்ண (தூளை அழுத்தி சூடாக்கி செஞ்ச) உலோகம், விரிசல் விட்டா அப்புறம் 10,000 சுத்துல சிதறும், அது உயிர் சமாச்சாரம். கிளட்ச் வந்ததும் ட்ரம்மையும் பேரிங்கையும் எடுத்துடலாம், நடுவுல வாஷர் எதாவது இருந்தா வரிசையை பாத்து வச்சுக்குங்க.

கழட்டியாச்சு, இப்போ நிதானமா பாருங்க

இந்த இடத்துல அவசரப்படுறவங்கதான் கொஞ்ச நாள்லயே திரும்ப கழட்டுறாங்க. இந்த வகை பேரிங்குக்கு உள் வளையம் வெளி வளையம் எதுவும் கிடையாது, நீடில் நேரா கிராங்க் ஷாஃப்ட் மேலயே உருளுது, வெளிப்பக்கம் ட்ரம் ஓட்டை சுவர்லயே உருளுது. ஆக பேரிங்கோட மூணு பாகத்துல ரெண்டு பாகம் ஷாஃப்டும் ட்ரம்மும்தான். புது நீடிலை மட்டும் தேஞ்ச ட்ரம்ல போட்டா பாதி வேலை பண்ண மாதிரிதான்.

பெட்ரோல் நனைச்ச துணியால ஷாஃப்டை துடைச்சுட்டு நகத்தை குறுக்க ஓட்டிப் பாருங்க. நகம் எங்கயும் மாட்டலன்னா நல்லது. லேசான கறை, துரு இருந்தா 1000 நம்பர் எமரி பேப்பர்ல ஆயில் தொட்டு, பட்டை மாதிரி சுத்திப் பிடிச்சு மெதுவா தேய்ங்க, ஒரே இடத்துல தேய்க்காதீங்க, தூள் உள்ள போகாம சுத்தி துணி வச்சுக்குங்க. நகம் மாட்டுற அளவுக்கு கோடு விழுந்திருந்தாலோ, நீடில் அச்சு குழிகுழியா பதிஞ்சிருந்தாலோ புது பேரிங் ரொம்ப நாள் நிக்காது, கிராங்க் பத்தி மெக்கானிக் கிட்ட பேசிடுங்க.

ட்ரம் ஓட்டையை உள்ள விரல் விட்டு தடவிப் பாருங்க, படி மாதிரி தட்டுச்சுன்னா ட்ரம்மை மாத்துங்க. ஸ்ப்ராக்கெட் பல்லுல செயின் பதிஞ்ச குழி 0.5 மில்லியை தாண்டுனாலும் மாத்த வேண்டியதுதான், ரெண்டு செயின் தேஞ்சா ஒரு ஸ்ப்ராக்கெட்டுங்கறது நல்ல கணக்கு. ட்ரம் நீலம் பாஞ்சிருந்தா சூடு பட்டிருக்கு, கூடவே ஷூவோட தேய்மானம், ஸ்பிரிங் கொக்கி எல்லாம் பாருங்க. ஷூ ஒண்ணு மட்டும் தேஞ்சிருந்தா அத மட்டும் மாத்தக் கூடாது, செட்டாதான்.

ட்ரம்முக்கு பின்னாடி ஆயில் பம்ப் கியர் இருக்கும். ஸ்டில்ல அதுல இருந்து ஒரு ஸ்பிரிங் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும், அது ட்ரம்ல இருக்குற காடில உக்காந்துதான் பம்ப்பை சுத்துது. பேரிங் போன மெஷின்ல ட்ரம் ஆடி ஆடி இந்த கம்பி வளைஞ்சிருக்கலாம், கியர் உருகியிருக்கலாம். செயினுக்கு ஆயில் வரலன்னு இத்தனை நாள் பார் ஓட்டையை குத்திட்டு இருந்தீங்கன்னா காரணம் இங்கதான் இருக்கும்.

திரும்ப மாட்டுறது

கிரீஸ் சூடு தாங்குற நல்ல பேரிங் கிரீஸா இருக்கட்டும். நீடில் இடுக்குல விரலால தேய்ச்சு ஏத்துங்க, ஷாஃப்ட் மேல ஒரு மெல்லிசு பூச்சு, அவ்வளவுதான். அள்ளி அப்புனா சுத்தும்போது தெறிச்சு ஷூ மேல படும், அப்புறம் கிளட்ச் வழுக்கும், திரும்ப சூடு. ட்ரம் உள்சுவர்லயும் ஷூ மேலயும் ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது, பெட்ரோல் துணியால துடைச்சுடுங்க.

பேரிங்கை ஷாஃப்ட்ல போட்டுட்டு ட்ரம்மை ஏத்துங்க. ஸ்டில் வகைல ட்ரம்மை லேசா உள்ள அமுக்கிக்கிட்டே ஒரு முழு சுத்து சுத்துனா அந்த கம்பி காடில போய் உக்காரும், ட்ரம் இன்னும் கொஞ்சம் உள்ள போறது கைக்கே தெரியும். உக்காராம கிளிப்பை போட்டா கம்பி நசுங்கும், ஆயில் நின்னுடும், செயினும் பாரும் கருகும். இந்த ஒரு சுத்தை மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம் வாஷர், அதுக்கு மேல ஈ கிளிப். கிளிப் புதுசு போடுங்க, பழசு விரிஞ்சிருக்கும், காடில மாட்டுனதும் விரலால சுத்திப் பாத்தா லூசா இருக்கக் கூடாது.

கிளட்ச் வெளிய இருக்குற மெஷின்ல ட்ரம்முக்கு மேல கிளட்சை கையாலயே எதிர்ப்பக்கம் முறுக்கி ஏத்துங்க, மரை சுலபமா போகணும், கஷ்டப்பட்டா கழட்டி திரும்ப ஆரம்பிங்க. இறுக்குறதுக்கும் பிஸ்டன் நிக்கணும், ஆனா இப்போ எதிர்த்திசைல சுத்துறதால கயிறை எடுத்துட்டு, அதே கட்டைவிரல் முறைல இந்தப் பக்கமா சுத்தி காத்து தள்ளுற இடம் வந்ததும் மறுபடி விடணும். சாதாரண ரெஞ்ச்ல நல்லா உக்காருற வரைக்கும் இறுக்குங்க, மிச்சத்தை இஞ்சினே இறுக்கிக்கும். இம்பேக்ட் கன்ல கழட்டுறவங்கள நான் குறை சொல்லல, ஆனா இறுக்குறதுக்கு அத எடுக்காதீங்க. கயிறை வெளிய எடுத்தாச்சான்னு பாத்துட்டு பிளக்கை போடுங்க.

ஹஸ்க்வர்னால பிரேக் பேண்டு கவர்லயே இருக்கு. கவர் கைல இருக்கும்போது பிரேக் விழுந்துட்டா பேண்டு சுருங்கி ட்ரம் மேல ஏறாது, அடிச்சு ஏத்தப் பாக்காம பிரேக்கை ரிலீஸ் பண்ணிட்டு மாட்டுங்க. கவர் மாட்டுனதும் கையுறை போட்டுக்கிட்டு செயினை இழுத்துப் பாருங்க, தாராளமா ஓடணும், பிரேக் போட்டா அசையக் கூடாது. டென்ஷன் வைக்கும்போது செயின் பாரோட அடில ஒட்டிக்கிட்டு இருக்கணும், கையால இழுத்தா ஓடணும், அந்த அளவு போதும்.

ஓட்டிப் பாருங்க

பிரேக் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி ஐட்லிங்குக்கு கொண்டு வாங்க. சோக் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது ஆக்ஸிலேட்டர் பாதில லாக் ஆகி நிக்கும், அதோட பிரேக்கும் போட்டிருக்கும்போது ட்ரம் நிக்க ஷாஃப்ட் ஓடும், புது பேரிங்கை முதல் நாளே வாட்டுறதுக்கு இதை விட சுலபமான வழி இல்ல. அப்புறம் பிரேக்கை எடுத்துட்டு ஐட்லிங்ல செயின் நிக்குதான்னு பாருங்க. பார் நுனியை ஒரு வெளிர் மரத்துண்டுக்கோ அட்டைக்கோ பக்கத்துல பிடிச்சு ஆக்ஸிலேட்டர் கொடுங்க, தொடாம பிடிக்கணும், ஆயில் கோடு விழுந்தா பம்ப் வேலை செய்யுது. நாலஞ்சு துண்டு போட்டுட்டு நிறுத்தி, ஆறுனதும் கவரை கழட்டி கிளிப் அதே இடத்துல இருக்கா, ட்ரம் ஆட்டம் இல்லாம இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

அதுக்கப்புறம் பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல. தினமும் மெஷின் ஓட்டுறவங்க வாரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் வைங்க, ஹஸ்க்வர்னாவோட மேனுவல்லயே வாரம் ஒரு தடவைன்னுதான் இருக்கு. சில மாடல்ல ஷாஃப்ட் நுனி நடுவுலயே சின்ன ஓட்டை இருக்கும், சின்ன கிரீஸ் கன் வச்சு அது வழியா கொடுக்கலாம், எதையும் கழட்ட வேண்டாம். ஸ்டில் மாதிரி மெஷின்ல செயின் மாத்தும்போது கிளிப்பை எடுத்து ட்ரம்மை இழுத்து பேரிங்கை துடைச்சு கிரீஸ் வச்சு போடுங்க, கால் மணி நேரம் கூட ஆகாது. அடுத்த மரத்துக்கு நடக்கும்போதோ, கயிறு கட்டுறவங்களுக்காக காத்திருக்கும்போதோ மெஷினை ஓட விட்டு கீழ வைக்காதீங்க, ஆஃப் பண்ணிடுங்க.